புதுப்பிப்பு: 1650 – 2050 டிரா, அந்த யானை முடிவாட்டம்

சென்னை ஓபன் சதுரங்கப் போட்டி ஒன்றில் 2050 ரேட்டிங்காரரை 1650 பையன் டிரா செய்த ஆட்டத்தைப் போன வாரம் போட்டிருந்தேன். "2050-காரரிடம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் ஏன் ஜெயிக்கவில்லை?" என்பதுதான் பலரின் கேள்வி.

வெள்ளை (2050-காரர்): ராஜா டி5, யானை ஏ7, சிப்பாய் ஈ5. கறுப்பு (பையன்): ராஜா ஈ8, யானை பி6. அசல் ஃபிலிடோர் நிலை, அதாவது யானையும் சிப்பாயும் வைத்திருப்பவரிடம் யானை மட்டும் வைத்து டிரா பிடிக்கும் பெயர்பெற்ற தற்காப்பு. கறுப்பு யானை ஆறாம் வரிசையில் நிற்கும்வரை வெள்ளை ராஜா உள்ளே நுழைய முடியாது. வேறு வழியில்லாமல் சிப்பாய் ஈ6 போனதும், பையன் யானையை நேராக பி1-க்கு இறக்கினான். இனி ராஜா டி6 வந்தால் டி1-லிருந்து செக், ஈ5 வந்தால் ஈ1-லிருந்து செக். ஒளிய இடமே இல்லை. முன்பு மறைவாக இருந்திருக்கக்கூடிய ஈ6 கட்டத்தில் இப்போது சொந்தச் சிப்பாயே உட்கார்ந்திருக்கிறது. பயந்துபோய் யானையை பி8-க்கு இழுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். நடுச்சிப்பாய்க்கு எதிராக எட்டாம் வரிசைக் காவல் நிற்காது.

டிரா கேட்ட முறையும் சரி. மூன்றாம் முறை அதே நிலை வரப்போகிறது என்றால் நகர்த்தலை ஷீட்டில் எழுதணும், காயைத் தொடாமல் கடிகாரத்தை நிறுத்தி ஆர்பிட்டரை (நடுவரை) கூப்பிடணும். நகர்த்திவிட்டுக் கேட்டால் செல்லாது. தப்பாகக் கேட்டால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும்.

ரேட்டிங்: 400 வித்தியாசத்தில் குறைந்த ரேட்டிங்காரரிடம் எதிர்பார்க்கும் புள்ளி 0.08, டிராவில் கிடைத்தது 0.5. பையனுக்குக் கே (அந்த வித்தியாசத்தைப் பெருக்கும் எண்) 40, அதனால் +16.8. எதிராளிக்குக் கே 20, −8.4. இலவசமாகக் கிடைத்த டிரா என்று யாரும் சொல்லவேண்டாம்.