கேஸ் தள்ளுபடி ஆயிருச்சு, சப் கோர்ட்டுக்கு அப்பீல் போலாமா?

மேலூர்_வண்டிப்பாதை:
எல்லாருக்கும் வணக்கம்ணே. எங்க தோட்டத்துக்குப் போற வண்டிப்பாதையை பக்கத்துக்காரக முள்ளை வெட்டிப் போட்டு அடைச்சுட்டாக, அப்பா பேர்ல மேலூர் முன்சீப் கோர்ட்ல கேஸ் போட்டு மூணு வருசமா வாய்தா வாய்தான்னு ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஜூன் 4 அன்னைக்கு அப்பா பெரியாஸ்பத்திரியில அட்மிட், நான் கூட இருந்தேன், வக்கீலும் போகல போல. நேத்து இ-கோர்ட்ஸ் ஆப்புல பாத்தா டிஸ்மிஸ்டு ஃபார் டீஃபால்ட்னு கெடக்கு. இன்னைக்கு 26. சப் கோர்ட்ல அப்பீல் போடுங்கிறாக, டீக்கடையில ஒருத்தரு ஒத்தக்கடை ஹைகோர்ட்டுக்கே போயிருங்கிறாரு. எது சரி?

பழைய_குமாஸ்தா:
ரெண்டும் இல்ல தம்பி. ஆள் வராததுக்காக தள்ளுபடி பண்ணது டிக்ரி, அதாவது கோர்ட்டோட தீர்ப்பாணைங்கிற கணக்குல வராது, சிவில் புரொசீஜர் கோடு செக்‌ஷன் 2(2)லயே அதைத் தனியா எடுத்து வச்சிருக்காக, டிக்ரி இல்லாட்டி செக்‌ஷன் 96 அப்பீலும் இல்ல. அதே முன்சீப் கோர்ட்ல ஆர்டர் 9 ரூல் 9ல மனு போட்டு, ஏன் வரலங்கிறதுக்கு நியாயமான காரணம் காட்டி கேஸை திரும்ப எடுக்கச் சொல்லணும். தள்ளுபடி ஆன தேதியில இருந்து 30 நாள், அதாவது ஜூலை 4. நகல் வரட்டும்னு உக்காந்துறாதீங்க, அப்பீலுன்னா நகல் வாங்குற நாளைக் கழிச்சுக்கிருவாக, இந்த மனுவுக்கு அந்தச் சலுகையை நம்பி இருக்க முடியாது. மனுவைத் தள்ளுபடி பண்ணா அப்பத்தான் ஆர்டர் 43ல சி.எம்.ஏ.ன்னு, அதாவது அந்த உத்தரவு மேல போடுற அப்பீல்னு, மேல போகலாம்.

திருமங்கலத்தான்:
அய்யா சொல்றத கேளுங்க. எங்க சித்தப்பா இதே மாதிரி அப்பீல்னு போய், அது திரும்பி வர்றதுக்குள்ள 30 நாளும் போயிருச்சு, அப்புறம் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி செக்‌ஷன் 5 மனு ஒண்ணு, அதுக்கு எதிர்பக்கம் கவுன்டருன்னு பதில் மனு, அதுலயே ஒண்ணரை வருசம். ஆனா ஒரு சந்தேகம், அன்னைக்கு எதிர்பக்கமும் வரலைன்னா புதுசாவே கேஸ் போடலாம்ல?

பழைய_குமாஸ்தா:
போடலாம், காலவரம்பு தாண்டாம இருந்தா. ரெண்டு பேரும் வரலைன்னா அதே ஆர்டர் 9ல ரூல் 4. எதிர்பக்கம் வந்து நின்னு நாம வரலைன்னா ரூல் 8ல தள்ளுபடி, அதே விசயத்துக்கு புதுக் கேஸ் போட முடியாது, அதான் அன்னைக்கு யாரு ஆஜருன்னு மொதல்ல பாக்கணும். சாட்சி எல்லாம் விசாரிச்சு முடிச்சு தீர்ப்புலயே தோத்தாலோ, இல்ல ஆர்டர் 7 ரூல் 11ல பிராதையே நிராகரிச்சாலோ, அது அப்பீல் சமாச்சாரம். முன்சீப் கோர்ட்ல இருந்து சப் கோர்ட்டுக்கு 30 நாள். ஒத்தக்கடையில இருக்கிற ஹைகோர்ட் மதுரை பெஞ்சுக்கு செகண்ட் அப்பீல்ங்கிறது அதுக்கும் அப்புறம், அதுவும் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தாத்தான். டீக்கடைக்காரருக்கு எல்லாத்துக்கும் ஹைகோர்ட்டுதான்.

மேலூர்_வண்டிப்பாதை:
பாத்துட்டேன்ணே, எதிர்பக்கம் வக்கீல் ஆஜராம். எங்க வக்கீலும் ஒருவழியா போன் எடுத்துட்டாரு, மனுவோட வைக்கிற அஃபிடவிட்டுல (சத்தியப் பத்திரம்) கையெழுத்துக்கு அப்பாவைக் கூட்டியாரச் சொல்லிட்டாரு. டிஸ்சார்ஜ் சம்மரி பின்பக்கம் அம்மா பால் கணக்கு எழுதி வச்சிருக்கு, பரவால்லயா?

பழைய_குமாஸ்தா:
பரவால்ல, முன்பக்கம் அட்மிட் ஆன தேதி தெளிவா இருந்தா போதும். மூணு ஜெராக்ஸ் எடுத்துக்கங்க, எதிர்பக்கத்துக்கு ஒண்ணு கொடுக்கணும்.