பஸ்ஸர்பீட்டர் (இணையக் கூடைப்பந்து மேலாளர் விளையாட்டு): கார்டு, ஃபார்வர்டு, சென்டர் மூவரையும் ஒரே அணியில் வைத்து வளர்ப்பது எப்படி?

புதுக்களம்:
வணக்கம். இந்தப் பருவத்தின் டிராஃப்ட்டில், அதாவது அணிகளுக்குப் புதிய இளம் வீரர்களைப் பகிரும் தேர்வில், எனக்கு 18 வயதுள்ள மூவர் கிடைத்திருக்கிறார்கள்: 185 செ.மீ. உயரமுள்ள ஒரு கார்டு (பந்தைக் கொண்டுசென்று வெளியிலிருந்து ஆடுபவர்), 203 செ.மீ. உயரமுள்ள ஒரு ஃபார்வர்டு, 213 செ.மீ. உயரமுள்ள ஒரு சென்டர் (கூடைக்கு அருகில் ஆடுபவர்). வாரத்துக்கு ஒரு பயிற்சியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பதால், பாஸிங் பயிற்சி கொடுத்தால் சென்டருக்கும், ரீபவுண்டிங் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) கொடுத்தால் கார்டுக்கும் அந்த வாரம் வீணாகிவிடுகிறது. மூவரையும் சேர்த்து வளர்க்க வழியுண்டா? அந்த ஃபார்வர்டை நல்ல ஸ்மால் ஃபார்வர்டாக (கார்டுக்கும் உள்ளே ஆடும் உயரமானவர்களுக்கும் இடைப்பட்டவர்) ஆக்க வேண்டுமானால் எந்த இடத்தில் ஆடவிடுவது?

நாற்பத்தெட்டு:
மூவரையும் ஒரே சமயத்தில் வளர்க்க நினைத்தால் மூவருமே அரைகுறையாகத்தான் நிற்பார்கள். ஒரு வீரருக்குப் பயிற்சியின் முழுப் பலனும் கிடைக்க, பயிற்சிக்குரிய இடத்தில் அவர் அந்த வாரம் 48 நிமிடங்கள் ஆடியிருக்க வேண்டும். இரண்டு லீக் ஆட்டங்களும் ஒரு நட்பு ஆட்டமோ கோப்பை ஆட்டமோ சேர்ந்தால் ஓர் இடத்துக்கு 144 நிமிடங்கள் வருகின்றன. ஆகவே, ஓர் இடத்துக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் மூன்று பேரையும், இரண்டு இடங்களுக்குக் கொடுத்தால் ஆறு பேரையும் வளர்க்கலாம், ஆனால் இடங்கள் கூடக்கூட ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பலன் குறையும். சென்டரை விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் இன்னும் ஓர் இளம் கார்டை வாங்குங்கள் என்பதே என் யோசனை.

உயரமானவன்:
விற்பதற்கு முன் மூவரின் பொட்டென்ஷியலையும் (எவ்வளவு தூரம் வளர முடியும் என்ற அளவு) பாருங்கள். அது குறைவாக உள்ளவர் எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் ஓர் எல்லையைத் தாண்டியபின் மிக மெதுவாகவே முன்னேறுவார்.

ஃபார்வர்டைப் பற்றிய கேள்விதான் இதில் சுவையானது. பயிற்சி பெறும் இடமும், பின்னாளில் அவர் ஆடப்போகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஸ்மால் ஃபார்வர்டுக்கு வெளித்தடுப்பு, பந்தைக் கையாளுதல், பாஸிங் ஆகியவையும் வேண்டும், உள்தடுப்பும் ரீபவுண்டிங்கும் வேண்டும். இவற்றில் முதல் வகையை வளர்க்க அவரைப் பாயிண்ட் கார்டாகவும் (ஆட்டத்தை வழிநடத்தும் கார்டு), இரண்டாம் வகைக்கு சென்டராகவும் நிறுத்த வேண்டியிருக்கும். உயரமானவர்களுக்குக் கார்டு திறன்கள் மெதுவாகவே ஏறும் என்பதாலும், வயது கூடக்கூட எல்லாத் திறன்களிலும் வேகம் குறையும் என்பதாலும், கடினமான கார்டு திறன்களை 18, 19 வயதிலேயே முடித்துவிட்டு, உள்ளே ஆடும் திறன்களைப் பிறகு எடுத்துக்கொள்வது நல்லது. அப்படிச் செய்தால் உங்கள் கார்டும் ஃபார்வர்டும் ஒரே பயிற்சியில் சேர்ந்து வளர்வார்கள், சென்டரை விற்கும் முடிவும் எளிதாகிவிடும்.

புதுக்களம்:
நன்றி. ஆனால் 203 செ.மீ. ஆளைப் பாயிண்ட் கார்டாக நிறுத்தினால் லீக் ஆட்டங்களில் பந்தைப் பறிகொடுத்துக்கொண்டே இருப்பாரே? நான் ஏற்கெனவே பட்டியலின் அடியில்தான் இருக்கிறேன்.

நாற்பத்தெட்டு:
பறிகொடுப்பார்தான். அதனால் அவருக்குரிய 48 நிமிடங்களையும் நட்பு ஆட்டத்திலேயே கொடுத்துவிடுங்கள். அந்த ஆட்டத்தின் வரிசைப் பட்டியலில் பாயிண்ட் கார்டு இடத்துக்குத் தொடக்க வீரர், மாற்று வீரர், இருப்பு வீரர் ஆகிய மூன்று கட்டங்களிலும் அவர் பெயரையே போட்டுவிட்டால், ஃபவுல் கூடியோ காயம்பட்டோ வெளியேறினாலன்றி ஆட்டம் முழுவதும் களத்தில் இருப்பார். லீக் ஆட்டங்களில் அந்த இடத்தை உங்கள் கார்டுக்கும், வாங்கப்போகும் இன்னொருவருக்கும் விட்டுவிடலாம்.

உயரமானவன்:
இதனுடன் நான் உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நட்பு ஆட்டத்தில் 48 நிமிடங்கள் ஆடியவரை லீக் ஆட்டங்கள் இரண்டிலும் ஃபார்வர்டு இடத்தில் முழுநேரம் ஓடவிட்டால், நிமிடங்கள் மிகுந்துபோய் அவருடைய ஆட்ட நிலை சரியத் தொடங்கும். ஒரு லீக் ஆட்டத்தில் கால் மணி நேரம் போதும்.