உறுத்திக்கிட்டே இருக்கிற அந்த ஒரு நடப்பு நிகழ்வுக் கேள்வி: உங்களுக்கு எது?

ஜன்னல்சீட், அண்ணா நகர்

முன்னுரை வேண்டாம், எல்லாருக்கும் தெரிஞ்ச சமாச்சாரம்தான். 2025 டிசம்பர்ல இங்க போட்டித் தேர்வுக்காக ஓடின ஒரு மாதிரித் தேர்வு. கேள்வி இதுதான்: சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி அனுப்பின மசோதா மேல ஆளுநர் எவ்வளவு நாளுக்குள்ள முடிவெடுக்கணும்? ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், கால வரம்பு எதுவும் இல்லை.

ஹால்ல முக்கால்வாசிப் பேர் "ஒரு மாதம்". விடைக்குறிப்புலயும் "ஒரு மாதம்". உச்ச நீதிமன்றத்தோட 2025 ஏப்ரல் 8 தீர்ப்புப்படி அது சரி. பர்திவாலா, மகாதேவன் அமர்வு, தமிழ்நாட்டின் 10 மசோதாவுக்கு அரசமைப்பின் 142வது உறுப்பு வழியா ஒப்புதல் கிடைச்சதா கருதினது, எல்லாரும் தலைகீழா ஒப்பிப்பாங்க. ஆனா மே 13-ல குடியரசுத் தலைவர் 143(1)-ன் கீழ உச்ச நீதிமன்றத்தோட கருத்தைக் கேட்டு 14 கேள்வி அனுப்பி, நவம்பர் 20-ல ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது வேற: நீதிமன்றம் கால வரம்பு விதிக்க முடியாது, 'ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுதல்'னு ஒண்ணும் கிடையாது. காரணமே சொல்லாம நீண்ட காலம் கிடப்பில் போட்டா, "முடிவெடுங்க"ன்னு மட்டும் உத்தரவிடலாம், மசோதா நல்லதா கெட்டதான்னு உள்ளே போகக் கூடாது.

சுவர்ல ஒட்டின விடைக்குறிப்புல அந்த 'அ' பக்கத்துல யாரோ பென்சிலால ஒரு தேதி மட்டும் எழுதியிருந்தாங்க: 20-11-2025. வேற ஒரு வார்த்தை இல்ல. அந்தத் தேதிதான் இன்னும் கண்ணுல நிக்குது.

உங்களுக்கு எந்தக் கேள்வி?

முந்நூத்திரெண்டு

302. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல (ஐபிசி) கொலைக்கான பிரிவு, தமிழ் சினிமா மொத்தமும் சேர்ந்து நம்ம மண்டையில ஏத்தின எண். அதுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல (பிஎன்எஸ்) கொலைக்குத் தண்டனை 103. அது எல்லாருக்கும் தெரியும். கேள்வி எடுக்கிறவருக்கும் அது தெரியும், அதனால அவர் அதைக் கேக்க மாட்டார். "பிஎன்எஸ் 302 எதைப் பற்றியது?"ன்னு கேப்பார். அது மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோட வார்த்தைகளைச் சொல்றது. நாலு விருப்பத்துல முதல் விருப்பமா 'கொலை' உக்காந்திருக்கும். கை தானா அங்க போகும்.

மோசடிக்கான 420 இப்போ 318. எஃப்ஐஆருக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (சிஆர்பிசி) 154 போய், அதோட இடத்துல வந்த பிஎன்எஸ்எஸ் 173. 144 தடை உத்தரவு இப்போ 163. மொத்தப் பிரிவு எண்ணிக்கை: ஐபிசி 511, பிஎன்எஸ் 358. இதுல ஒண்ணு மட்டும் உறுத்தல்: "மூன்று சட்டங்களும் (மூணாவது சாட்சியச் சட்டம்) முழுமையாக 2024 ஜூலை 1 முதல் அமலில்"னு ஒரு கூற்று வந்தா தவறு. பிஎன்எஸ் 106(2), விபத்து பண்ணிட்டுத் தகவல் சொல்லாம ஓடுறதுக்கு 10 வருஷம் வரைன்னு சொல்ற பிரிவு. லாரி ஓட்டுநர்கள் போராட்டத்துக்கு அப்புறம் வந்த அறிவிக்கையிலேயே அதை மட்டும் தனியா விட்டுட்டாங்க. 'முழுமையாக'ங்கிற ஒரே சொல்லுல கேள்வி போச்சு.

வழக்காடி

ஜன்னல்சீட், ஒரு திருத்தம். நீங்க நேரா எழுதல, ஆனா உங்க பதிவைப் படிக்கிறவங்க "ஏப்ரல் தீர்ப்பு ரத்து"ன்னு குறிப்பு எடுத்துப்பாங்க. 143 மேல்முறையீடு கிடையாது, ஆலோசனைக் கருத்து. ஏற்கெனவே தீர்ப்பான வழக்கை 143 வழியா மறுபடி திறக்க முடியாதுன்னு காவிரி நடுவர் மன்றம் தொடர்பான கருத்துரையில உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. அதனால "தீர்ப்பை ரத்து செய்தது"ன்னு வாக்கியம் வந்தா தவறுன்னு போடுங்க. "இனி சட்ட நிலை என்ன"ன்னு கேட்டா மட்டும் நவம்பர் விடை.

இன்னொண்ணு, 200வது உறுப்புல காலம் பற்றி இருக்கிற ஒரே சொல் 'இயன்ற விரைவில்'. அதுவும் மசோதாவைத் திருப்பி அனுப்புற இடத்துலதான். பண மசோதாவைத் திருப்பி அனுப்ப முடியாது. இதையும் சேர்த்துத்தான் கேப்பாங்க.

ஜன்னல்சீட், அண்ணா நகர்

'ரத்து'ன்னு நான் எங்க எழுதினேன் வழக்காடி சார்? மேல போய்ப் பாருங்க. மத்தபடி காவிரி விஷயம் சரி, எடுத்துக்கறேன்.

ராஜகிரி

செஞ்சி. 2025 ஜூலை 11, யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல், இந்தியாவின் 44வது இடத்துல அடங்கின கோட்டை. பெயர் 'இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்'. பெயரைப் பாத்துட்டு "அனைத்தும் மகாராஷ்டிராவில்"ங்கிற கூற்றுக்குச் சரின்னு போட்டவங்க எத்தனை பேர்! 12 கோட்டை, 11 அங்க, ஒண்ணு (செஞ்சி) நம்ம விழுப்புரம் மாவட்டத்துல. திண்டிவனத்துல இறங்கி பஸ் மாறினா வந்துடும். தெரிஞ்ச ஊர்ங்கிறதாலேயே பட்டியல்ல தேட மறந்துட்டோம்.

ஏன் செஞ்சின்னு கேட்டா: 1677-ல சிவாஜி கைப்பற்றினார், பின்னாடி ராஜாராம் இங்கேயே இருந்து முகலாயர் முற்றுகையைத் தாங்கினார், 1698-ல கோட்டை விழுந்துச்சு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலை. இந்தக் கிருஷ்ணகிரியை மாவட்டம்னு நினைச்சு வரைபடக் கேள்வியைத் தப்பா போட்ட தாளும் ஒண்ணு உண்டு.

மேன்ஷன் மூத்தவர், திருவல்லிக்கேணி

எல்லாத்தையும் படிச்சேன் தம்பிகளா. உங்க பிரச்சினை ஞாபக மறதி இல்ல, குறிப்பு எடுக்கிற முறை. யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன்.

ஒரு சட்டத்துக்கு ஒரு தேதி எழுதாதீங்க, நாலு எழுதணும்: மசோதா வந்தது, ரெண்டு அவையும் நிறைவேற்றினது, குடியரசுத் தலைவர் ஒப்புதல், அமலுக்கு வந்தது. நாலாவது காலியா இருந்தா காலியாவே விடுங்க. அந்தக் காலி இடத்துலதான் கேள்வி இருக்கு. நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்பை எடுத்துக்கங்க. ஊதியத் தொகுப்பு 2019, மத்த மூணு 2020, அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 21. பழைய சட்டம் 29 அதுக்குள்ள அடங்கிடுச்சு. நடுவுல அஞ்சு வருஷம். அந்த அஞ்சு வருஷத்துல அச்சடிச்ச எல்லாப் புத்தகத்துலயும் 'இன்னும் அமலாகவில்லை'ன்னு இருக்கும். பழைய புத்தகக் கடையில அரை விலைக்கு அதான் கிடைக்கும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இப்படித்தான்: சட்டம் 2023 ஆகஸ்ட், விதிகள் 2025 நவம்பர்.

அரசமைப்புத் திருத்தம்னா அஞ்சாவதா ஒண்ணு: மசோதா எண், சட்ட எண். மகளிர் இடஒதுக்கீடு 128வது மசோதா, 106வது சட்டம். ஜிஎஸ்டி 122வது மசோதா, 101வது சட்டம். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீதம் 124வது மசோதா, 103வது சட்டம். ரெண்டு எண்ணும் நாலு விருப்பத்துக்குள்ள இருக்கும், அதுல சந்தேகமே வேண்டாம்.

உலக ஒப்பந்தம்னா நாலு படி: ஏற்பு, கையெழுத்து, பின்னேற்பு (நாடு முறைப்படி உறுதி செய்றது), நடைமுறை. ஆழ்கடல் ஒப்பந்தம், அதாவது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடற்பகுதியோட உயிர்வளத்தைக் காக்கிற ஐ.நா. ஒப்பந்தம், 2023 ஜூன் 19-ல ஏற்பு. இந்தியா கையெழுத்து 2024 செப்டம்பர். 60 நாடு பின்னேற்பு செஞ்ச 120வது நாள் நடைமுறைக்கு வரும்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. 2025 செப்டம்பர் 19-ல 60 ஆச்சு, 2026 ஜனவரி 17-ல நடைமுறை. விரல் விட்டு எண்ணிப் பாருங்க, சரியா வரும். கையெழுத்துப் போட்ட நாடும் உறுப்பு நாடும் ஒண்ணு இல்ல.

தாள் விஷயம். ஏ4, ஒரு பக்கம் மட்டும் எழுதணும், வலது ஓரம் ரெண்டு அங்குலம் காலி. மாறக் கூடியதை, அதாவது எண்ணிக்கை, வட்டி விகிதம், பதவியில இருக்கிறவர் பேரை எல்லாம் பென்சில்ல எழுதுங்க. உறுப்பு எண், நிறுவப்பட்ட வருஷம் பேனா. மாசக் கடைசியில பென்சிலை மட்டும் சரிபார்த்தா ஒரு மணி நேரத்துல முடிஞ்சுடும். முதல்ல மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலக (பிஐபி) வெளியீடு, அப்புறம் அரசிதழ், அப்புறம் நாளிதழ், கடைசியா மாத இதழ். நீங்க இதைத் தலைகீழாப் பண்றீங்க. ஜெராக்ஸ் கடை வாசல்ல சுருள்கம்பி போட்டுத் தொங்குற தொகுப்புக்கு எந்த மாசத்தோட நிறுத்தினாங்கன்னு அட்டையில போட்டிருக்காது. முதல் பக்கம் பாக்காதீங்க, கடைசிப் பக்கத்துல இருக்கிற நியமனங்களைப் பாருங்க, தெரிஞ்சுடும்.

கோட்டூர்புரம் மூணாவது மாடி

மூத்தவர் அண்ணே, தலைப்பு 'உறுத்துற கேள்வி'. உங்க கேள்வி எதுன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே!

என்னோடது குடியரசுத் துணைத் தலைவர். ஜக்தீப் தன்கர் 2025 ஜூலை 21-ல பதவி விலகினார், செப்டம்பர் 9 தேர்தல்ல திருப்பூர்க்காரர் சி.பி. ராதாகிருஷ்ணன் 452-300ன்னு ஜெயிச்சார். இதுவரைக்கும் செய்தி. தேர்வுக்கு வேண்டியது ரெண்டே வரி. குடியரசுத் தலைவர் இடம் இப்படிக் காலியானா ஆறு மாசத்துக்குள்ள தேர்தல், துணைத் தலைவர் இடத்துக்கு அந்த ஆறு மாசக் கெடு கிடையாது, 'இயன்ற விரைவில்' மட்டும்தான். புதுசா வர்றவருக்கு மீதிக் காலம் இல்ல, முழு அஞ்சு வருஷம். அரசமைப்பு உறுப்பு 68(2). 'எஞ்சிய காலத்திற்கு'ன்னு ஒரு கூற்று வந்துச்சு, மாநிலங்களவை இடைத்தேர்தல் ஞாபகத்துல எல்லாரும் சரின்னு போட்டாங்க. நியமன உறுப்பினர்கள் துணைத் தலைவர் தேர்தல்ல வாக்களிக்கலாம், தலைவர் தேர்தல்ல முடியாது. அதுலயும் பாதிப் பேர் அவுட்.

நாரை

ராம்சர், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களோட பட்டியல். தமிழ்நாட்டுல எத்தனை? விருப்பங்கள் 14, 16, 18, 20. நாலும் ஒவ்வொரு காலத்துல சரியா இருந்த விடை! 2022 ஆகஸ்ட்ல 14. 2024 ஜனவரி கடைசியில கரைவெட்டியும் லாங்வுட் சோலையும் சேர்ந்து 16. அதே வருஷம் ஆகஸ்ட்ல நஞ்சராயன், கழுவேலி, 18. 2025 பிப்ரவரியில சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், 20. கேள்வித்தாள்ல தேதி இல்ல. நாலு வெவ்வேறு வருஷத் தொகுப்பு படிச்ச நாலு பேரும் நம்பிக்கையோட நாலு வட்டத்தைக் கறுப்பாக்கினதுதான் வேடிக்கை.

எண்ணிக்கையை விடுங்க, மாவட்டத்தோட ஜோடி போட்டுப் படிங்க. கரைவெட்டி அரியலூர், நஞ்சராயன் திருப்பூர், கழுவேலி விழுப்புரம், கடைசி ரெண்டும் ராமநாதபுரம். லாங்வுட் கோத்தகிரி பக்கம், பறவைகள் சரணாலயம் இல்ல, சோலைக்காடு. 'பொருந்தாததைக் கண்டுபிடி'க்கு அதான் விடை. பள்ளிக்கரணை 2022. துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டுல தினமும் பஸ்ல தாண்டிப் போறவங்களே அதை 2002ன்னு போட்டாங்க. 2002 கோடியக்கரை, மாநிலத்தோட முதல் இடம்.

பேசிஸ் பாயின்ட்

என்னோடது கணக்கு இல்ல, தமிழ். ரெப்போன்னா ரிசர்வ் வங்கி மத்த வங்கிகளுக்குக் கடன் கொடுக்கிற வட்டி. மாதிரி நேர்முகத்துல தமிழ்ல பதில் சொன்ன ஒருத்தர், "ரெப்போ விகிதத்தை 25 சதவீதம் குறைத்தார்கள்"னு சொல்லிட்டார். எதிர்ல இருந்தவர் பேனாவைக் கீழே வெச்சார். அவ்வளவுதான், சத்தமே இல்ல.

சொல்ல வேண்டியது 25 அடிப்படைப் புள்ளி, அதாவது கால் சதவீதப் புள்ளி. 2025-ல குறைச்சது: பிப்ரவரியில 25 புள்ளி, ஏப்ரல்ல 25 புள்ளி, ஜூன்ல 50 புள்ளி, டிசம்பர்ல 25 புள்ளி. கூட்டினா 125 புள்ளி, 6.50 சதவீதத்துலேருந்து 5.25. ஜூன்ல ரொக்க இருப்பு விகிதத்தையும் (வங்கிகள் ரிசர்வ் வங்கியில வெச்சிருக்க வேண்டிய பங்கு) 4 சதவீதத்துலேருந்து 3-க்குக் குறைப்போம்னாங்க, அது ஒரே நாள்ல இல்ல, செப்டம்பர்லேருந்து நவம்பருக்குள்ள நாலு தவணையா. ரெண்டையும் கலந்துதான் கூற்று அமைப்பாங்க. முதன்மைத் தேர்வைத் தமிழ்ல எழுதப் போறவங்க கவனிங்க: கேள்வித்தாள் ஆங்கிலத்துலயும் இந்தியிலயும்தான் வரும், கலைச்சொல்லை நீங்கதான் தமிழாக்கணும். தமிழ்ச் சொல் எழுதி, பக்கத்துலயே ஒரு தடவை 'ரெப்போ'ன்னும் எழுதிடுங்க. திருத்துறவர் யூகிக்க வேண்டாம்.

மேன்ஷன் மூத்தவர், திருவல்லிக்கேணி

கோட்டூர்புரம் தம்பி கேட்டதுக்காக: என் கேள்வி பிரிக்ஸ், அதாவது பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா எல்லாம் இருக்கிற நாடுகள் கூட்டமைப்பு. இந்தோனேசியா 2025 ஜனவரியில சேர்ந்தது பத்தாவதா பதினொண்ணாவதா? அழைப்பு வந்தும் முறைப்படி சேர்ந்ததான்னு தெளிவில்லாத சவுதி அரேபியாவை எண்ணினா 11, எண்ணலைன்னா 10. அந்த வருஷம் தலைமையேத்த பிரேசிலோட தளம் சவுதியைச் சேர்த்து 11ன்னு போட்டுச்சு. எண்ணைக் கேட்டு, விருப்பத்துல ரெண்டும் இருந்தா அந்தக் கேள்வியே பழுது. யுபிஎஸ்சின்னா தப்புக்கு மூணுல ஒரு பங்கு மதிப்பெண் போகும், தொடாம விடுங்க. அர்ஜென்டினா அழைப்பை ஏத்துக்கலங்கிறதும், 2024 ஜனவரி 1-ல எகிப்து, எத்தியோப்பியா, ஈரான், ஐக்கிய அரபு அமீரகம் சேர்ந்ததும் நிச்சயம்.

முந்நூத்திரெண்டு

அப்போ வியட்நாம்?

மேன்ஷன் மூத்தவர், திருவல்லிக்கேணி

உறுப்பினர் இல்ல, கூட்டாளி நாடு. 2025 ஜூன், பத்தாவது.