மாடி ஜன்னல் துடைக்க 24 அடிக் கம்பு: பக்கத்தில் கரண்டுக் கம்பி இருந்தால் விடலாமா?

வளவுவீட்டுப் பேரன்

பள்ளத்தூரில் எங்கள் பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான வீடு. வருஷத்தில் பத்து மாதம் பூட்டியே கிடக்கும். அடுத்த மாதம் பெரியப்பச்சிக்கு (பெரியப்பாவுக்கு) அறுபதாம் கல்யாணம் என்பதால் வீட்டைத் துடைத்துக் கழுவ ஆள் பிடித்தோம். மாடி ஜன்னல்களின் வண்ணக் கண்ணாடியில் பல வருஷத் தூசி. வந்த இரண்டு பையன்களும் இழுத்து நீட்டும் அலுமினியக் கம்பு கொண்டுவந்தார்கள். முழுதாக நீட்டினால் 24 அடி. நுனியில் பிரஷ், கூடவே தண்ணீர்க் குழாய்.

பக்கத்துச் சந்தில் 11,000 வோல்ட் லைன் போகிறது. ஒரு பையன் ஒரு ஜன்னலை முடித்துவிட்டு, கம்பை நிமிர்த்திப் பிடித்தபடியே அடுத்த ஜன்னலுக்கு நடந்தான். பிரஷ் நுனிக்கும் கம்பிக்கும் நடுவில் மூன்றடி இருந்தால் அதிகம். நான் கத்தி நிறுத்தி, வேலையே வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். இப்போது பெரியப்பச்சிக்குக் கோபம். "ஐம்பது வருஷமாக இந்தச் சந்தில் ஒட்டடை அடிக்கிறோம், யாருக்கு என்ன ஆச்சு?" என்கிறார். லைன் சட்டப்படி தள்ளித்தான் போகிறது என்று வேறு சொல்கிறார்.

நான் செய்தது சரியா, அதிகப்படியா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீளக்கம்பு

காரைக்குடியில் பன்னிரண்டு வருஷமாக இந்தத் தொழில் செய்கிறேன். உங்கள் பயம் புரிகிறது, ஆனால் ஆட்களைத் திருப்பி அனுப்பியது அதிகம் என்றுதான் சொல்வேன்.

கம்பு வேண்டாம் என்றால் அடுத்தது ஏணிதான். செட்டிநாட்டு வீடுகளுக்கு அடித்தளமே ஆள் இடுப்புக்கு மேல். மாடி ஜன்னலுக்கு ஏணி சாய்த்தால் எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்று நீங்களே பாருங்கள். என்னிடம் வேலை பார்த்த ஒருவர் ஏணி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இன்றுவரை நிமிர்ந்து நடக்க முடியாமல் இருக்கிறார். அதற்குப் பிறகுதான் கடன் வாங்கிக் கம்பு வாங்கினேன். தரையில் காலை ஊன்றிக்கொண்டு துடைக்கலாம். பன்னிரண்டு வருஷத்தில் கரண்டால் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. விழுந்தவர்கள்தான் உண்டு.

கவனமாகப் பிடிக்கத் தெரிந்த ஆளாக அனுப்பச் சொல்லுங்கள், போதும். கம்பே கூடாது என்று ஊர் முழுக்கப் பயம் கிளம்பினால் என்னைப் போன்றவர்கள் மறுபடி ஏணிக்குத்தான் போக வேண்டும்.

பழைய லைன்மேன்

சிவகங்கை மாவட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் லைனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பி நிறுத்தியது சரி.

முதலில் அந்தச் "சட்டப்படி" கணக்கு. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளில், 11,000 வோல்ட் வரை உள்ள லைன் கட்டடத்தின் பக்கவாட்டில் போனால் குறைந்தது 1.2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஏறக்குறைய நாலடி. தெரு நெடுக ஓடும் 11,000 லைன் தரையிலிருந்து குறைந்தது 5.8 மீட்டர், அதாவது 19 அடி உயரத்தில் இருக்க வேண்டும். உங்கள் சந்தில் லைன் இந்த இரண்டுக்கும் சரியாகவே இருக்கலாம். அதனால் என்ன? அந்த நாலடி, அசையாமல் நிற்கும் சுவருக்குச் சொன்னது. கையில் கம்பு பிடித்து நடக்கிற மனிதனுக்குச் சொன்னதல்ல.

24 அடிக் கம்பைச் சுவரோரம் தரையில் ஊன்றி நேராக நிறுத்துங்கள். நுனி ஏற்கெனவே லைனை விட ஐந்தடி மேலே நிற்கும். அது சுவரை விட்டு வெறும் பத்து டிகிரி சாய்ந்தால் போதும், நுனி நாலடி நகர்ந்துவிடும். அடியில் பிடித்திருக்கிறவனுக்கு அந்தச் சாய்வு தெரியவே தெரியாது. அவன் கண் ஜன்னலில் இருக்கும். காற்று ஒரு பக்கம் தள்ளும், தண்ணீர்க் குழாயின் பாரம் இன்னொரு பக்கம் இழுக்கும்.

நீளக்கம்பு தம்பி, நான் பார்த்த விபத்துகள் எதுவும் துடைக்கும்போதோ காய் பறிக்கும்போதோ நடந்ததில்லை. கம்பை எடுக்கும்போது, இறக்கும்போது, நிமிர்த்தியபடி இடம் மாறும்போது நடந்தவை. வீட்டுக்காரர் பார்த்ததும் அதையேதான். கவனமானவனுக்கும் அந்த நேரத்தில் கண் கீழே, கால் பார்த்துத்தான் இருக்கும்.

நீளக்கம்பு

நடக்கும்போது கம்பை மடக்கிவிட வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன் அண்ணே. என் ஆட்களுக்கும் சொல்கிறேன். ஆனால் இதெல்லாம் அலுமினியக் கம்புக்குத்தானே? இப்போது கார்பன் ஃபைபர் கம்பு வந்துவிட்டது, இரும்பும் இல்லை அலுமினியமும் இல்லை. அது போக, வீட்டில் ஈஎல்சிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறது. எங்காவது கசிந்தால் உடனே ட்ரிப் ஆகிவிடும்.

ஓம் விதி

இரண்டும் தவறான நம்பிக்கை. இந்த நம்பிக்கையில் யாரும் கம்பைத் தூக்கிவிடக் கூடாது என்பதால் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன்.

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கார்பன் ஃபைபர் கம்பை அலுமினியக் கம்பு மாதிரியே நினைக்க வேண்டும். கண்ணாடி இழைக் கம்பு, அதாவது ஃபைபர் கிளாஸ், சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தால் கடத்தாது. ஆனால் ஜன்னல் கழுவும் கம்பு எப்போது உலர்ந்திருக்கிறது? மேலெல்லாம் சோப்புத் தண்ணீர், தூசி, கூடவே நீர் நிறைந்த குழாய். லைன் வேலைக்கென்று வரும் ஃபைபர் கிளாஸ் கம்பைச் சோதித்துச் சான்று கொடுப்பார்கள், துடைத்து உலர வைத்துப் பாதுகாப்பார்கள். இது அந்த வகை இல்லை. பச்சை மூங்கிலும் நனைந்த மூங்கிலும் இதே கதைதான்.

ஈஎல்சிபி தன் வழியாக வீட்டுக்குள் போய்த் திரும்பும் மின்சாரத்தை மட்டும்தான் கவனிக்கும். தெரு லைனிலிருந்து கம்பு வழியாக உடம்பில் இறங்கி மண்ணுக்குப் போகும் மின்சாரம் அதைத் தொடவே தொடாது. வீட்டு ஈஎல்சிபி 30 மில்லி ஆம்பியரில் விழும்படி வைத்திருப்பதற்குக் காரணம், 100 மில்லி ஆம்பியர் அளவே இதயத் துடிப்பைக் குலைத்துவிடும் என்பது. லைனில் ஒரு கம்பிக்கும் தரைக்கும் நடுவில் சுமார் 6,350 வோல்ட். மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 11,000 வோல்ட் ஒரு மீட்டர் தாண்டிக் குதித்துப் பிடிக்கும் என்று பலர் சொல்வார்கள், அது உண்மையில்லை. காற்றில் அது தாண்டும் தூரம் மிகக் குறைவு. பிறகு ஏன் இவ்வளவு இடைவெளி கேட்கிறோம்? கை தவறும், கம்பு வளையும், கம்பி ஆடும் என்பதற்காக. அமெரிக்காவில் 50,000 வோல்ட் வரையிலான லைனுக்கு 10 அடி கேட்பதிலும் இந்தக் கணக்கு அடங்கியிருக்கிறது.

தேவகோட்டை ஆச்சி

நான் வீட்டிலேயே இருந்து பராமரிக்கிறவள், அதனால் சொல்கிறேன். எங்கள் வீட்டில் லைன் போகும் பக்கத்து ஜன்னல்களுக்கு வெளியிலிருந்து யாரையும் கை வைக்க விடுவதில்லை. உள்ளே மாடி அறையில் ஸ்டூல் போட்டு, தேக்குக் கதவைத் திறந்து, இரும்புக் கம்பிகளுக்கு நடுவே கைப்பிடிப் பிரஷை விட்டுத் துடைப்போம். பிரஷ் கை ஒன்றரை அடிதான், அதற்கு மேல் நீளம் வைத்ததில்லை. மேலே அரைவட்டக் கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுதும் எட்டாது, கொஞ்சம் அழுக்கு இருக்கத்தான் செய்யும். இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சாமல் இருப்பது சுவருக்கும் நல்லது.

தேரோட்டத்தன்று கரண்டை நிறுத்திவிட்டுத்தானே தேரை நகர்த்துகிறோம்? 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். ஊரே கூடி இழுக்கிற தேருக்கு வேண்டிய பயம், கூலிக்கு வந்த பையன் கையில் இருக்கும் கம்புக்கும் வேண்டும். அவனும் ஒரு வீட்டுப் பிள்ளை.

நீளக்கம்பு

ஆச்சி சொன்னது மனதில் பட்டது. சரி, நடுவழி ஒன்று சொல்கிறேன். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையிலிருந்து கரண்டை நிறுத்துவார்கள், பேப்பரிலேயே முன்கூட்டி வந்துவிடும். அந்த நாளில் லைன் பக்கத்து ஜன்னல்களை முடித்துக்கொள்ளலாமே? கரண்டே இல்லாத கம்பிக்கு என்ன பயம்?

பழைய லைன்மேன்

இந்த யோசனைதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பயமாக இருக்கிறது தம்பி. கோபிக்காமல் கேளுங்கள்.

வீட்டில் ஃபேன் நின்றுவிட்டது என்பதால் சந்தில் போகும் லைன் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. உங்கள் வீட்டுக்கு ஒரு ஃபீடர் (துணைமின் நிலையத்திலிருந்து வரும் தனி லைன்), சந்து லைன் வேறு ஃபீடர் என்று இருக்கலாம். வேலை சீக்கிரம் முடிந்தால் சொன்ன நேரத்துக்கு முன்பே சார்ஜ் பண்ணிவிடுவார்கள், அதாவது லைனில் மறுபடி கரண்டு விட்டுவிடுவார்கள். நீங்கள் கம்போடு நிற்பது துணைமின் நிலையத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது, ஜெனரேட்டர். கல்யாண சீசனில் ஏதாவது ஒரு மண்டபத்தில் மாற்று சுவிட்ச் சரியில்லாமல் ஜெனரேட்டரைப் போட்டால், அந்தக் கரண்டு தெரு லைனில் ஏறி, டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பி 11,000 வோல்ட்டாகவே மேலே வரும். லைன்மேன்கள் இப்படி இறந்திருக்கிறார்கள். அதனால்தான் நாங்கள் போஸ்ட்டில் லைனைத் துண்டிக்கும் ஏபி சுவிட்சை இழுத்துவிட்டாலும் அதோடு ஏறுவதில்லை. எல்சி, அதாவது லைனை நிறுத்தி வேலை செய்யும் அனுமதி (லைன் க்ளியர்) வாங்கி, வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் லைனை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டிய பிறகுதான் கை வைப்போம்.

உங்களுக்கும் அதே வழிதான். பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு எழுதிக் கொடுங்கள். லைன்மேன் வந்து எர்த் மாட்டி, "இப்போது செய்யலாம்" என்று வாயால் சொன்ன பிறகு கம்பைத் தூக்குங்கள். அவர் எர்த்தைக் கழற்றுவதற்கு முன்னால் கம்பு மடங்கித் தரையில் கிடக்க வேண்டும்.

எல்சி இல்லாத நாளில் நான் சொல்லும் கணக்கு இது. லைனுக்கு நேர் கீழே தரையில் ஒரு கோடு நினைத்துக்கொள்ளுங்கள். கம்பின் முழு நீளத்தோடு பத்தடி சேர்த்த தூரத்துக்குள் அந்தக் கம்பை நிமிர்த்தக் கூடாது. 24 அடிக் கம்புக்கு 34 அடி.

பினாங்குப் பங்காளி

34 அடி அகலத்தில் நம் ஊரில் எந்தச் சந்து இருக்கிறது? அப்படியென்றால் கம்பே கூடாது என்றுதானே அர்த்தம்? வீடு முதலில் வந்தது, கரண்டு பிறகு வந்தது. லைனைத் தள்ளிப் போட வேண்டியது மின்வாரியம். நாம் ஏன் கண்ணாடியை அழுக்காக விட வேண்டும்?

பழைய லைன்மேன்

ஆமாம், அந்தச் சந்தில் கூடாது என்றுதான் அர்த்தம். லைனை மாற்றக் கேளுங்கள், தப்பில்லை. விதிப்படி இடைவெளி இருந்தால் டெபாசிட் கட்டி மாற்றும் வேலையாகத்தான் வரும். அத்தனை பங்காளியும் கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டுவதற்குள் அறுபதாம் கல்யாணம் முடிந்துவிடும்.

தேவகோட்டை ஆச்சி

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அப்படி ஏதாவது ஆகிவிட்டால் கட்டையால் தள்ளிவிடலாமா? சின்ன வயதில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

பழைய லைன்மேன்

11,000 லைனில் வேண்டாம் ஆச்சி. கட்டையும் வேண்டாம், கிட்டே போகவும் வேண்டாம். மண்ணிலேயே கரண்டு பரவியிருக்கும். ஏற்கெனவே கிட்டே நிற்பவர்கள் இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்துத் தரையைத் தேய்த்தபடி விலக வேண்டும், அகல அடி வைக்கக் கூடாது. முதலில் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987, பிறகு ஆம்புலன்ஸுக்கு 108. லைன் நின்றது என்று வாரியத்து ஆள் சொன்ன பிறகுதான் தொட வேண்டும். லைன் ஒரு முறை ட்ரிப் ஆனாலும் மறுபடி சார்ஜ் பண்ணிப் பார்ப்பார்கள், அதை மறக்காதீர்கள்.

வளவுவீட்டுப் பேரன்

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை சுவருக்கும் லைனுக்கு நேர் கீழான இடத்துக்கும் நடுவே தரையிலேயே அளந்தேன். ஐந்தரை அடி. பெரியப்பச்சியை வாசலில் நிறுத்தி, ஒரு தென்னை ஈர்க்கைச் சுவரோரம் பிடித்து, கொஞ்சம் சாய்த்தால் நுனி எவ்வளவு தூரம் போகிறது என்று காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. சாப்பிடும்போது, "அந்தப் பையன்களுக்கு அன்றைக்குக் கூலி கொடுத்தாயா?" என்று மட்டும் கேட்டார். கொடுத்திருக்கவில்லை. நாளை கொடுத்துவிடுவேன்.

சந்துப் பக்கத்து ஏழு ஜன்னல்களையும் ஆச்சி சொன்னபடி உள்ளிருந்து துடைக்கிறோம். மற்ற பக்கங்களுக்குக் கம்பு வரலாமா?

நீளக்கம்பு

வரலாம். நானே வருகிறேன், 16 அடிக் கம்பு போதும். எல்சி கேட்டால் எத்தனை நாள் இழுக்கும் என்ற கவலை எனக்கு இன்னும் தீரவில்லை, ஏணியை விடக் கம்பு நல்லது என்பதிலும் மாற்றமில்லை. ஆனால் இனி வேலை ஒப்புக்கொள்ளும் முன்பு வீட்டைச் சுற்றி ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வேன்.

பழைய லைன்மேன்

சுற்றும்போது பின்வாசலையும் பாருங்கள். உங்கள் வீடு அடுத்த தெரு வரை ஓடும், அங்கே போஸ்ட்டிலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் பெரும்பாலும் ஜன்னல் மட்டத்திலேயே இருக்கும். பழைய ஒயரில் மேலுறை வெயிலில் வெடித்திருந்தால் அதுவும் வெறும் கம்பிதான்.

வளவுவீட்டுப் பேரன்

பின்தெருவில் லைன் இருக்கிறது என்பதையே யோசிக்கவில்லை. பொழுது விடிந்ததும் போய்ப் பார்த்துப் படம் எடுத்துப் போடுகிறேன். அதற்கு முன் யாரும் வேலை தொடங்க வேண்டாம் என்று பெரியப்பச்சியிடம் சொல்லிவிட்டேன்.