விதி கூடவா, குறைவா? நம்ம பக்கம் ரோல்-பிளேயிங் ஆடியவர்களின் அனுபவப் பகிர்வு

மண்டபம்_டி20

தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில். மாடியில் நாங்கள் ஐந்து பேர், டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டராகி டைஸ் உருட்டிக் கதை நடத்தும் ஆட்டம்) ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகம். மூழ்கிய கப்பல், உள்ளே பெட்டி, சுற்றிலும் சகுவாகின் என்ற மீன் அரக்கர்கள். மிச்சம் உங்களுக்கே தெரியும்.

கீழே போன கேரக்டருக்கு கான்ஸ்டிடியூஷன், அதாவது உடல் உறுதி, 14. அதற்கு விதிப்படி 2 கூடும், 1 கூட்டல் 2, மூன்று நிமிடம் மூச்சு தாங்கும். ஒரு ரவுண்டுக்கு 6 வினாடி என்றால் 30 ரவுண்டு. எந்தச் சண்டை 30 ரவுண்டு போகும்? நாலைந்தில் முடிந்துவிடும். ஆனாலும் டி.எம்., அதாவது ஆட்டத்தை நடத்துகிறவர், பக்கம் புரட்டுகிறார். அடி வாங்கினால் மூச்சு விட்டுப்போகுமா, தீர்ந்த பிறகு எத்தனை ரவுண்டு என்று தேடல். ஆட்டம் அப்படியே நிற்கிறது.

சுவரோரம் டீ குடித்துக்கொண்டிருந்த மாமா, என்னடா தேடுறீங்க என்று கேட்டார். கம்பரசர் வருவதற்கு முன்னால் மூச்சுப் பிடித்தே சங்கு குளித்தவர் அவர். விஷயத்தைச் சொன்னோம்.

"மூணு நிமிசமா? அதுவும் சண்டை போட்டுக்கிட்டு? ஒரு நிமிசத்துக்கே காது இரையும்டா மாப்ள. சங்கு கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. எடுக்கவா, மேல ஏறவான்னு அப்பத்தான் மனசு அடிச்சுக்கும்."

டி.எம். நிமிர்ந்து பார்த்தார். புரட்டுவதை விட்டுவிட்டு அந்தக் கேரக்டரை ஆடியவனிடம் கேட்டார்: "பெட்டியோட ஏறுறியா, விட்டுட்டு ஏறுறியா?" அவன் டைஸைக் கையில் வைத்துக்கொண்டு உருட்டாமலே உட்கார்ந்திருந்தான். எங்கள் மேசையில் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததே இல்லை. எனக்கு இன்னமும் குடைகிறது, அந்த மூச்சு விதியை யாருக்காக எழுதினார்கள்?

விதிப்பிரியன்

ஒரு விதி சரியில்லை என்று மொத்தப் புத்தகத்தையும் கடலில் போடாதீர்கள். அதே புத்தகத்தில் சில பக்கம் தள்ளி நீருக்கடிச் சண்டை விதி இருக்கிறது, படித்தீர்களா? நீந்தும் வேகம் இல்லாதவன் தண்ணீருக்குள் வாள் வீசினால் டிஸ்அட்வான்டேஜ், அதாவது பாதகம். குத்துவாள், எறியீட்டி, குட்டைவாள், ஈட்டி, திரிசூலம் இவற்றுக்கு மட்டும் விலக்கு. தண்ணீருக்குள் அரிவாளை வீசிப் பாருங்கள், ஏன் என்று தெரியும்.

தேவிபட்டினத்தில் சித்தி வீட்டில் ஆடினோம். நாலு பேரும் பெரிய பெரிய வாளாக வாங்க, ஒருத்தன் மட்டும் ஒரு மலிவு ஈட்டி வாங்கினான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் அந்தப் பக்கத்தை முன்பே படித்திருக்கிறான். தண்ணீருக்குள் இறங்கியதும் மற்றவர்கள் இரண்டு இருபதுமுக டைஸ் உருட்டிச் சின்னதை எடுக்கிறார்கள். 11 தேவை என்றால் பாதிக்குப் பாதி இருந்த வாய்ப்பு 25 சதவீதமாகிவிட்டது. இவன் நிதானமாகக் குத்திக்கொண்டே போகிறான். அந்த முகத்தை ஒரே பக்கத்தில் விதி முடிகிற ஆட்டத்தில் எங்கே பார்ப்பீர்கள்?

உங்கள் மாமா சொன்னது கதை. நல்ல கதைதான். அதை விதி என்று கணக்கில் எழுத முடியாது.

கீழக்கரை_லாத்தா

நோன்பு நேரம். தராவீஹ் முடிந்தும் தம்பி பிள்ளைகள் தூங்க மாட்டேன் என்றார்கள். ஒரே பக்கத்தில் விதி முடிந்துவிடும் 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்' எடுத்தேன். ஜான் ஹார்ப்பர் எழுதியது, தெரிந்திருக்கும். ஆளுக்கு 2 முதல் 5 வரை ஒரு எண். லேசர் வேலைக்கு, அதாவது அறிவும் கருவியும் சார்ந்ததற்கு, அதைவிடக் குறைவாக விழ வேண்டும், மனசு வேலைக்கு அதிகமாக. எண்ணே விழுந்தால் வெற்றியோடு ஒரு கேள்வியும் கேட்கலாம். எல்லாம் சொல்லி முடிக்க ஒரு தொதல் துண்டு தின்கிற நேரம்கூட ஆகவில்லை.

சின்னவன் கேட்டான்: "மாமி, என் ரோபோ கைக்கு எவ்வளவு?"

கைக்குத் தனியாக எண் இல்லை, உன் எண் 4, அவ்வளவுதான் என்றேன்.

"அப்ப கையை வெட்டினாலும் நாலு, வெட்டாட்டியும் நாலா?"

கை இருந்தால் ஒரு டைஸ் கூட உருட்டிக்கொள் என்றேன். தயாராக வந்தவனுக்கு அந்த விதியிலேயே அப்படி இருக்கிறது. பயல் சமாதானம் ஆகவில்லை. தாளைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தான். கை உடைந்தால் பாதி, பேட்டரி தீர்ந்தால் கால், மழையில் நனைந்தால் ஷாக். சஹருக்கு எழுப்பும்போது பின்பக்கத்தில் இடமே இல்லை. அக்காவுக்கு ரோபோ கை கிடையாது என்றும் ஒரு விதி.

ஆட்டத்தை அவன் ஆடவே இல்லை. ஆனால் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறான்.

சாயல்குடி_ஜிஎம்

என் அனுபவம் சின்னது. டி அண்ட் டி 3.5 பதிப்பு, ஒருத்தன் ஓர்க் என்ற அரக்கனைக் கட்டிப்பிடிக்கப் போனான். முதலில் எதிராளிக்கு ஒரு அடி, அப்புறம் தொட்டாலே போதும் என்கிற டச் அட்டாக், அப்புறம் இருவரும் எதிரெதிராக உருட்டும் கிராப்பிள் செக், அதில் உடம்பு அளவுக்குத் தனிக் கணக்கு. பாதியில் கரண்ட் போனது, எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம்.

ஆனால் மேலே எழுதியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதலில் ஆட்களைப் பாருங்கள், புத்தகத்தை அப்புறம் பார்க்கலாம். விதியை வாசித்துவிட்டு வருகிற ஆள் மேசையில் எத்தனை பேர்? ஒருவர்தான் என்றால் அவர் டி.எம்.மாகத்தான் இருப்பார், அவருக்கே எல்லாச் சுமையும். அப்படிப்பட்ட குழுவுக்கு 2010இல் வந்த 'அபோகலிப்ஸ் வேர்ல்டு' வழி சரி. இரண்டு ஆறுமுக டைஸ், 10ஓ அதற்கு மேலோ முழு வெற்றி, 7 முதல் 9 வரை வெற்றியோடு ஒரு வில்லங்கம், 6க்குள் வில்லங்கம் மட்டும். கூட்டல் ஏதும் இல்லாவிட்டால் 36இல் 15 தடவை அந்த நடு விடைதான் வரும். மண்டபம் தம்பியின் டி.எம். கேட்டதே அந்த நடு விடைதான், பெட்டியா மூச்சா என்று.

கணக்குப் பிடித்தவர்கள் நாலு பேர் சேர்ந்தால் 2019இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு. 600 பக்கத்துக்கு மேல் என்று பயப்பட வேண்டாம். ஒரு முறைக்கு மூன்று ஆக்‌ஷன், இரண்டாவது அடிக்கு 5 கழி, மூன்றாவதுக்கு 10 கழி. அடிப்படை அதுதான். விதி முழுக்க இணையத்தில் இலவசம். டி அண்ட் டி விதித் தொகுப்பும் 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற இலவச உரிமத்தில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்குவதற்கு முன்னால் அச்செடுத்து ஆடிப் பாருங்கள், அதுவும் சண்டைப் பகுதியை மட்டும். அப்புறம், இரண்டு ஆட்டத்து விதியைக் கலக்காதீர்கள். அப்புறம்

மண்டபம்_டி20

அண்ணே, நான் யோசனை கேட்கவே இல்லையே. உங்கள் ஓர்க் என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்கள்.

தொண்டி_தாயம்

எங்களிடம் டைஸ் இல்லை. அப்பத்தாவின் பித்தளைத் தாயக்கட்டைதான். முகங்கள் 0, 1, 2, 3. இரண்டையும் உருட்டினால் 16 சேர்க்கை. 4, 5, 6 விழுந்தால் நினைத்தது நடக்கும். 3 விழுந்தால் நடக்கும், ஆனால் ஏதோ ஒன்று போகும். 1, 2 விழுந்தால் போகும். விதி அவ்வளவுதான்.

சேதுக்கரையில் பேய்க்கப்பல் கதை. வலையை அறுத்துவிட்டு ஓட வேண்டும். தம்பி உருட்டினான், இரண்டு கட்டையிலும் பூஜ்யம். போச்சு என்று நான் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து அப்பத்தா, "பன்னெண்டு! ஏன்டா முழிக்கிற, வெட்டு!" தாயத்தில் அது பன்னிரண்டுதானே. நான் என்ன பேச முடியும்? கப்பலையே இரண்டாக வெட்டினான்.

விதிப்பிரியன் அண்ணன் இதையும் கதை என்பார். சொல்லட்டும்.

விதிப்பிரியன்

கதை என்று சொல்லவில்லையே. 16இல் 7 வெற்றி, 4 பாதி, 5 தோல்வி. நல்ல கணக்கு. ஆனால் 12 விழுந்தால் மறு உருட்டல் உண்டா? தாயத்தில் உண்டு. உண்டு என்றால் அதையும் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவை அங்கேயே சண்டை வரும்.

தொண்டி_தாயம்

அப்பத்தாவைக் கேட்டுச் சொல்கிறேன்.