கஸ்டடி உத்தரவுக்குப் பிறகு மகளோடு பெங்களூரு போகலாமா?

கேள்வி (கோவை):
மகளுக்கு 8 வயது. போன வருடம் குடும்ப நல நீதிமன்றம் அவளை என் பொறுப்பில் விட்டது. ஞாயிறுதோறும் 10 முதல் 5 மணி வரை அப்பாவோடு இருப்பாள். இப்போது எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது, ஜூனில் சேர வேண்டும். வெளிமாநிலம் போகக்கூடாது என்று உத்தரவில் ஒரு வரியும் இல்லை. டி.சி. வாங்கிக்கொண்டு கிளம்பு, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்கிறார் அண்ணன். எனக்குத் தூக்கமே வரவில்லை.

பதில் (சேலம்):
தயவுசெய்து அப்படிக் கிளம்பாதீங்க அக்கா. நான் சொல்லாமல் ஹைதராபாத் போனேன். பையனின் அப்பா கோர்ட்டில் மனு போட்டுவிட்டார். வாய்தாவுக்கு வாய்தா லீவு எடுத்து, பையனையும் கூட்டிக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் அலைந்தேன். பரீட்சை நேரத்தில் அவன் பட்ட பாடு இன்னும் மனசை அறுக்கிறது.

பதில் (வழக்கறிஞர்):
தடை எழுதவில்லை என்பதால் அனுமதி இருப்பதாக ஆகாது. நீங்கள் போனால் ஞாயிறு சந்திப்பு நின்றுவிடும். அதுவே உத்தரவை மீறுவதுதான். 1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின் கீழ் உங்களைக் காப்பாளராக நியமித்திருந்தால், பிரிவு 26 படி நீதிமன்ற எல்லையை விட்டுக் குழந்தையைக் கொண்டுபோக அனுமதி வாங்கியே ஆக வேண்டும். விவாகரத்து வழக்கில் வந்த உத்தரவென்றால், இந்து திருமணச் சட்டம் பிரிவு 26 படி அதே நீதிமன்றத்தில் மாற்றக் கேட்கலாம்.

பயப்பட வேண்டாம். கஸ்டடி உத்தரவு எப்போதும் மாற்றத்துக்கு உட்பட்டதுதான். 2010இல் விக்ரம் வீர் வோரா வழக்கில், வேலைக்காக ஆஸ்திரேலியா போன தாய் மகனை உடன் அழைத்துச் செல்ல உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. ஆனால் நீதிமன்றம் எடைபோடுவது குழந்தையின் நலனை. வேலை ஆணை, பள்ளி இடம், நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்ற விவரம் எல்லாம் மனுவோடு இருக்கட்டும். முக்கியமாக, ஞாயிறுக்கு ஈடாக அப்பாவுக்கு என்ன தருவீர்கள் என்று நீங்களே எழுதுங்கள்: மாதம் இரண்டு சனி ஞாயிறு, தசரா, கோடை விடுமுறையில் பாதி, வாரத்தில் சில நாள் வீடியோ கால். நீதிபதி மகளைத் தனியாக அழைத்துப் பேசலாம். அவளுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
அவரிடமே பேசினேன். தீபாவளி தன்னோடு என்றால் சம்மதமாம். வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கினால் போதுமா?

பதில் (வழக்கறிஞர்):
போதாது. இருவரும் கையெழுத்திட்டு கூட்டு மெமோவாகத் தாக்கல் செய்து, நீதிபதி உத்தரவாக்க வேண்டும். ரயில் செலவு யாருடையது, பிள்ளையை எந்த ஸ்டேஷனில் ஒப்படைப்பது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். ஜூன் என்றால் இந்த வாரமே தொடங்குங்கள். மே மாதம் நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை வந்துவிடும்.