புற்றுநோய் ஆய்வில் தன்னார்வ உதவியாளராகச் சேர வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். தருமபுரியில் உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் நான், புற்றுநோயாளிகள் குறித்த ஆய்வொன்றில் ஊதியமின்றி உதவியாளராகப் பணியாற்ற விரும்புகிறேன். சிகிச்சைக்காக அத்தையுடன் சென்னை சென்றிருந்தபோது, வாழ்க்கைத் தரம் பற்றிய 30 கேள்விகளை வாசித்த ஆய்வாளர், களைப்பைப் பற்றிக் கேட்டதும் அத்தை பதில் சொல்லாமல் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்த நேரமெல்லாம், அவசரப்படுத்தாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். அந்தப் பொறுமையைக் கற்றுக்கொள்ளவே இதைக் கேட்கிறேன்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் நோயாளியின் இசைவும் இல்லாமல் ஆய்வு நடத்தக் கூடாது என்பதை அறிவேன். ஆகவே தரவுப் பதிவு மட்டும் கிடைத்தாலும் மகிழ்ச்சியே. எனக்குத் தெலுங்கும் கன்னடமும் பேசத் தெரியும் என்பது ஓசூர்ப் பக்க நோயாளிகளுக்குப் பயன்படலாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியிலோ சேலத்திலோ இத்தகைய ஆய்வில் ஈடுபட்டவர்கள், முதலில் துறைத் தலைவரை அணுகுவதா, ஆய்வை நடத்தும் மருத்துவருக்கே கடிதம் எழுதுவதா என்று தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.